உயரம் குறைத்த காருக்குப் புதிய ஷாக் அப்சார்பர்: உயரம் மாறாமல் பொருத்துவது எப்படி

குட்டையான ஸ்பிரிங் போட்டு உயரம் குறைத்த காரில் பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியதும், வண்டி ஒரு விரல் அகலம் ஏறி நிற்பதைக் கண்டு ஸ்பிரிங்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. கொள்கைப்படி பார்த்தால் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றுவதால் உயரம் மாறக் கூடாது. மாறியிருந்தால், ஸ்பிரிங் அமரும் தட்டு, உள்ளே அடைத்த வாயு, ஷாக் அப்சார்பரின் தண்டு அடிவரை போய் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களை முறுக்கிய விதம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன்பே அளவெடுத்து வைக்காவிட்டால் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும் என்பதால், சக்கரத்தின் நடுமையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள வீல் ஆர்ச் (சக்கரத்தை மூடும் உடல் வளைவு) விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சமதளமான தரை, ஏறத்தாழ அதே அளவு எரிபொருள், காலியான டிக்கி ஆகிய மூன்றும் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கட்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் டயர்கள் உள்நோக்கி இழுபட்டு வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்திவிட்ட பிறகு எடுக்கும் அளவே உண்மையான அளவு.

அடுத்து, உங்கள் வண்டியில் ஸ்பிரிங் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எம்.டபிள்யூ 3 வரிசையின் இ46 மாடல் இதற்கு நல்ல உதாரணம். அதன் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக (ஸ்ட்ரட்) நிற்கும் அமைப்பு. ஸ்பிரிங் தாங்கும் தட்டு ஸ்ட்ரட்டின் உடலிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்பக்கத்திலோ ஸ்பிரிங் தனியாகக் கீழ்க் கையின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்ச் சட்டம்) மேல் அமர்ந்திருக்க, ஷாக் அப்சார்பர் வேறோர் இடத்தில் நிற்கும். எனவே முன்பக்கத்தில் புதிய ஸ்ட்ரட்டின் தட்டு பழையதைவிட 10 மில்லிமீட்டர் மேலே இருந்தால் வண்டியும் ஏறத்தாழ அவ்வளவு ஏறி நிற்கும். பின்பக்கத்தில் அந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. மாஸ்டா எம்.எக்ஸ்-5 போல நான்கு மூலைகளிலும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பாக இருக்கும் வண்டிகளில், நான்கு தட்டுகளையும் ஒப்பிட்டாக வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கீழ் போல்ட் துளையிலிருந்து தட்டு வரை டேப் வைத்து அளந்தால் போதும். கோனி நிறுவனத்தின் மஞ்சள் நிற ஷாக் அப்சார்பர்கள் சிலவற்றில் தட்டைத் தாங்கும் வளையத்தை மாட்டுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். எந்தப் பள்ளத்தில் மாட்டுகிறீர்கள் என்பதை இடம் வலம் இரண்டிலும் சரிபார்க்காமல் மேலே போகக் கூடாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் விலக்கிவிடலாம். நீளம் குறைந்த ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாழ்த்தாது. பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 வழக்கமான உயரத்துக்கும், பி8 குட்டை ஸ்பிரிங் போட்ட வண்டிக்கும் உரியவை. பி8 குட்டையாக இருப்பது, தாழ்ந்த நிலையிலும் தண்டு உள்ளே போய்வரப் போதிய இடம் இருப்பதற்காகவும், ஜாக்கியில் தூக்கும்போது குட்டை ஸ்பிரிங் தளர்ந்து தட்டிலிருந்து நழுவாமல் இருப்பதற்காகவும்தான். உயரம் குறைத்த காருக்கு வாங்கும்போது இந்த வகையையே கேட்டு வாங்குவது நல்லது.

வாயுவின் பங்கு பலரும் நினைப்பதைவிடக் கூடுதல். ஒற்றைக் குழாய் வகையில் சுமார் 25 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருக்கலாம். அந்த அழுத்தம் தண்டின் குறுக்குப் பரப்பை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 11 மில்லிமீட்டர் தண்டு என்றால் பரப்பு 0.95 சதுர சென்டிமீட்டர். அதற்கேற்பத் தள்ளுவிசை ஏறத்தாழ 24 கிலோ. சக்கரத்துக்கு அருகில், ஏறத்தாழ நேராக நிற்கும் ஷாக் அப்சார்பரை எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ தேவைப்படும் மென்மையான ஸ்பிரிங் உள்ள மூலை இதனால் 8 மில்லிமீட்டர் வரை உயரும். 5 கிலோ தேவைப்படும் விறைப்பான ஸ்பிரிங்கில் அது 5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். குறைந்த அழுத்த இரட்டைக் குழாய் வகையில் தள்ளுவிசை சில கிலோ மட்டுமே, வாயுவே இல்லாத எண்ணெய் வகையில் ஒன்றுமே இல்லை. தண்டைக் கையால் அழுத்தி விட்டதும் தானாக வெளியே வந்தால் அது வாயு வகை. எண்ணெய் வகையிலிருந்து ஒற்றைக் குழாய் வகைக்கு மாறுபவர் இந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்கை அறுப்பது மடத்தனம்.

பம்ப் ஸ்டாப் உயரம் குறைத்த காரில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. வண்டி 40 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், தண்டில் மாட்டியுள்ள அந்த நுரைத் துண்டுக்கும் ஷாக் அப்சார்பரின் தலைக்கும் இடையிலான இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கி, சில வண்டிகளில் நிற்கும்போதே இரண்டும் ஒட்டிவிடும். பழைய துண்டு நொறுங்கிப் பொடியாகியிருந்த இடத்தில் புதிய முழு நீளத் துண்டைப் போட்டால், அது இரண்டாவது ஸ்பிரிங் போல வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். சாலையின் ஒவ்வொரு மேடும் முதுகில் தெரியும். ஸ்பிரிங் தயாரிப்பாளர் குறிப்பிடும் குட்டைத் துண்டை வாங்கிப் போடுவதும், வெட்டச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டுவதுமே சரியான வழி. துண்டே இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் அடியில் மோதிப் புதிய ஷாக் அப்சார்பர் விரைவில் வீணாகும்.

இனி ரப்பர் புஷ். என் கணிப்பில், ஏறி நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். கைகளின் முனையில் உள்ள சாதாரண புஷ்ஷில் ரப்பர் வெளி உலோகத்தோடும் உள் குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள் குழாய் அசையாமல் பூட்டப்பட்டு, அந்த இடத்திலிருந்து கை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ரப்பர் முறுக்கேறி எதிர்க்கும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கும்போது நான்கு மூலைகளிலும் ரப்பர் மேல்நோக்கித் தள்ளும். வழக்கமான வண்டியைவிட உயரம் குறைத்த வண்டியில் தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் கோண வித்தியாசம் கூடுதலாக இருக்கலாம். அப்படியானால் தூக்குதலும் கூடுதல், ரப்பர் கிழிவதும் விரைவு. எம்.எக்ஸ்-5 போன்றவற்றில் ஷாக் அப்சார்பரை வெளியே எடுக்க வழிவிடுவதற்காக மேல் கையின் நீண்ட போல்ட்டைத் தளர்த்துவது வழக்கம்; அப்படித் தளர்த்திய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண்ணில் உள்ள ரப்பருக்கும் அதே விதிதான்.

எனவே தளர்த்திய போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் பிடிக்க வைத்துவிட்டு, சக்கரத்துக்கு அருகே கீழ்க் கையின் அடியில் ஜாக்கியை வைத்து, முன்பு எழுதி வைத்த மையம்-ஆர்ச் அளவு வரும்வரை மெல்லத் தூக்குங்கள். அந்த நிலையில், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். உடல் ஸ்டாண்டில் நிற்கும்போது இப்படித் தூக்கினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து எழ முயலும் என்பதால், ஸ்டாண்டிலிருந்து பார்வையை எடுக்காமல் வேலை செய்ய வேண்டும். சாய்வு ராம்ப்பில் நான்கு சக்கரமும் ஏற்றி முறுக்க வசதி உள்ள இடமாக இருந்தால் அதுவே இன்னும் பாதுகாப்பு. ஏற்கனவே தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை: இந்த நிலைக்குக் கொண்டுவந்து போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினாலே வண்டி இறங்கிவிடும்.

வேலையின் போது கவனிக்க வேண்டியவை சில. ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங் கம்ப்ரெசர் போட்டே ஆக வேண்டும். குட்டை ஸ்பிரிங்தானே என்று அலட்சியம் காட்டினால் உயிருக்கே ஆபத்து. தண்டைப் பிளையரால் பிடித்தால் கீறல் விழுந்து எண்ணெய் சீல் கிழியும். ஸ்ட்ரட்டின் மேல்முனையை உடலோடு இணைக்கும் டாப் மவுண்ட் நசுங்கியிருந்து, அதற்குப் பதில் புதியது போட்டால் அதனாலும் சில மில்லிமீட்டர் ஏறலாம். இரட்டைக் குழாய் வகையைப் பொருத்தும் முன் நிமிர்த்தி வைத்துச் சில முறை முழுதாக அழுத்தி இழுத்து, உள் குழாயில் கலந்த வாயுவை அங்கிருந்து வெளியேற்றிவிட வேண்டும்.

சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் உயர்ந்திருந்தால், ஸ்பிரிங்கின் முனை தட்டின் பள்ளத்தில் சரியாக உட்காராததோ, வளையம் வேறு பள்ளத்தில் மாட்டப்பட்டதோ காரணமாக இருக்கும்; இரு பக்கமும் ஒரே அளவில் உயர்ந்திருந்தால் வாயுவையும் புஷ்களையும் சந்தேகிக்கலாம். வீல் அலைன்மென்ட் இதன் பிறகே. உயரம் நிலைகொள்ளும் முன் டோ கோணத்தை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்தால் அதை மறுபடியும் செய்ய வேண்டிவரும். செனான் முகப்பு விளக்கு உள்ள வண்டிகளில் சக்கரத்தின் இணைப்புக் கையோடு பொருத்திய உயர உணரியின் சிறு தண்டு மாட்டப்பட்டிருக்கிறதா, ஒளிக்கற்றை எதிரே வருபவரின் கண்ணில் படாமல் விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.