எச்.ஐ.வி.யும் பக்கவாதமும்: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்?

"வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது, இனி பயமில்லை." எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவர்கள் பலரின் நினைப்பு இது. பாதிதான் சரி. வைரஸ் அடங்கிய பிறகும் உடலுக்குள் லேசான அழற்சி தொடர்கிறது. அது ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது. மற்றவர்களைவிட இவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல். எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொல்பவருக்குக்கூடத் தன் பிரஷர் எவ்வளவு என்று தெரிவதில்லை. பீடி, சிகரெட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, மாத்திரைதான் காரணமோ என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அபாகாவிர் போன்ற சில மருந்துகள் மீது சந்தேகம் உண்டுதான். மாற்றுவதா என்று டாக்டர் பார்க்கட்டும். மருந்தை இடையில் நிறுத்தியவர்களுக்கே இதய, ரத்தக்குழாய் நோய் அதிகம் என்று 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு காட்டியது.

'கொலஸ்ட்ரால் நார்மல், ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எதற்கு?' என்பதும் தவறு. 2023இல் வெளிவந்த ரிப்ரீவ் ஆய்வில், 40 முதல் 75 வயதுவரை உள்ள 7,769 எச்.ஐ.வி. உள்ளவர்களில் பிட்டவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 35% குறைந்தன. உங்களுக்குத் தேவையா என்று கேட்டுப்பாருங்கள்.

பெரிய தவறுகள் நடப்பது பக்கவாதம் வந்த அன்றுதான். பல் துலக்கும்போது வாய் கோணி நீர் வழிகிறது. சட்டைப் பொத்தானைப் போட விரல் வரவில்லை. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் கரைந்துவிடும். உடனே 108ஐ அழையுங்கள். தண்ணீர் கொடுத்தால் புரையேறலாம். அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் சொல்லும்வரை ஆஸ்பிரினும் வேண்டாம்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.யை மறைப்பது. பயம் நியாயமானதே. ஆனால் காசநோய் மூளைக்காய்ச்சல், சிபிலிஸ், சின்னம்மை வைரஸ் ஆகியவையும் மூளையின் ரத்தக்குழாயைத் தாக்கும். விஷயம் தெரிந்தால்தான் டாக்டர் அவற்றையும் தேடுவார். ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவருக்கு, ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் சரியாக வேலை செய்யாது; சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைக் கொடுக்கவே கூடாது. எச்.ஐ.வி. இருப்பதால் மட்டும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை மறுக்க வேண்டியதில்லை. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. டாக்டரிடம் தனியாகச் சொன்னால் போதும், வார்டு முழுக்கத் தெரிய வேண்டாம்.

பக்கவாதத்தில் பேச்சே போய்விடலாம். அதனால் நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் மாத்திரைப் பட்டையின் படத்தை இன்றே அவருடைய போனில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.