பரணில் கிடக்கும் ஸ்பெக்ட்ரமை ப்ளக்கில் மாட்டுவதற்கு முன்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து கறுப்புப் பெட்டி ஒன்று இறங்கி அதன்மேல் 'சிங்க்ளேர்' என்றோ 'டிபி ஸ்பெக்ட்ரம்+' என்றோ எழுதியிருந்தால் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். உடனே கரண்ட் கொடுக்கவும் வேண்டாம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலிருந்து கிளைவ் சிங்க்ளேர் விற்ற கம்ப்யூட்டர் இது. 1980இல் அவருடைய இசட்எக்ஸ்80 கம்ப்யூட்டர் நூறு பவுண்டுக்குள் வந்தது. அடுத்த வருடமே இசட்எக்ஸ்81, அதற்குள் நாலே நாலு சில்லுதான், பாக்கி வேலையெல்லாம் ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த யுஎல்ஏ என்ற ஒரே சில்லுக்குள் போய்விட்டது. 1982 ஏப்ரலில் கலரோடு ஸ்பெக்ட்ரம் வந்தது; 16கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175 பவுண்டு. நம் ஊரில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி டிபி ஸ்பெக்ட்ரம்+ விற்றது. 1986இல் சிங்க்ளேர் தன் கம்ப்யூட்டர் வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் 50 லட்சம் பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். மனிதர் விலையைக் குறைக்க எங்கெல்லாம் கை வைத்தாரோ, கோளாறும் பெரும்பாலும் அங்கேயேதான் வருகிறது. அதனால் அந்த இடங்களாகப் பார்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் காய வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் கிடந்த பெட்டியைக் குளிர்ந்த அறையிலிருந்து நேரே அடுப்படிக்குக் கொண்டுபோனால் உள்ளே வியர்த்துவிடும். பட்டுப்புடவைக்கும் கேமராவுக்கும் செய்வதுபோல அலமாரியில் சின்ன குண்டு பல்பை எரியவிட்டு (எல்இடியில் சூடு வராது, உதவாது) சில நாள் வையுங்கள்.

அப்புறம் திறக்கலாம். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றிவிட்டு மூடியை மெதுவாகத் தூக்குங்கள், ஏனென்றால் கீபோர்டிலிருந்து வரும் இரண்டு பிளாஸ்டிக் நாடாக்கள் போர்டில் சொருகியிருக்கும். மெம்பரேன் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) கீபோர்டு மலிவு, ஆனால் வயதானால் அந்த நாடா அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்கினால் கவலை இல்லை, புது மெம்பரேன் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். பூஞ்சணத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துத் துடையுங்கள். சாக்கெட்டில் இருக்கும் யுஎல்ஏவைக் கால் வளையாமல் கிளப்பி மறுபடி அழுத்துங்கள், ஈரத்தில் கறுத்த காண்டாக்ட் சிலசமயம் இதிலேயே சரியாகிவிடும்.

அடாப்டர்தான் ஆளைக் கவிழ்ப்பது. 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர், ஆனால் நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, மாட்டினால் தீர்ந்தது. கிடார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டரில் பொதுவாக நடுமுனை நெகட்டிவ்தான். 2 ஆம்பியர் தருவதாகப் பார்த்து வாங்குங்கள், மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டே சொருகுங்கள். ஆன் ஆஃப் சுவிட்ச்கூட இதில் கிடையாது (அதிலும் மிச்சம் பிடித்துவிட்டார்), அதனால் சுவரிலேயே நிறுத்திப் போடுங்கள். கரண்ட் இருக்கும்போது பின்பக்க ஸ்லாட்டில் எதையும் மாட்டக் கூடாது.

இப்போது கரண்ட் கொடுத்து, முதல் 16கே நினைவகமான 4116 சில்லுகளில் அளந்து பாருங்கள்: 1ஆம் காலில் -5, 8இல் +12, 9இல் +5 வோல்ட். மல்டிமீட்டரின் கறுப்பு புரோபை 16ஆம் காலில் வைக்க வேண்டும். -5 வரவில்லையென்றால் அந்த நொடியே நிறுத்துங்கள், அது இல்லாமல் 12 மட்டும் ஓடினால் சில்லுகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். டிஆர்4 என்று குறித்திருக்கும் டிரான்சிஸ்டர்தான் முதல் சந்தேக நபர். மேல் 32கேயில் இருப்பவை பாதி பழுதான 64 கிலோபிட் சில்லுகள். நல்ல பாதியை மட்டும் உபயோகித்தார்கள், கில்லாடித்தனம்தான்.

வோல்டேஜ் சரி என்றால் டிவி. இது யுஎச்எஃப் 36ஆம் சேனலில் வரும், இப்போதைய டிவியில் தேடிப் பிடிப்பது பாடு. படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டர் பெட்டிக்குள் போகும் இரண்டு ஒயரையும் விடுவித்து, சாக்கெட்டின் நடுமுனையில் உள்ளே இருக்கும் ரெசிஸ்டரையும் கழற்றிவிட்டு, வீடியோ ஒயரை அங்கே சால்டர் செய்தால் ஏவி சாக்கெட்டிலேயே படம் தெரியும். வெள்ளைத் திரையில் 1982 சிங்க்ளேர் ரிசர்ச் என்ற வரி வந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது.

கேசட் பிளேயர் தேட வேண்டாம். புரோகிராமை ஆடியோ ஃபைலாக்கி போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து இயர் சாக்கெட்டுக்குக் கொடுங்கள், ஜே அழுத்தினால் லோட் வரும், மேற்கோள் குறி இரண்டு போட்டு என்டர். ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், அப்புறம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் போனின் சத்தத்தை முழுசாக வைத்துப் பாருங்கள்.