பெங்களூரு பக்கம் உருளைக்கிழங்கு போடுவது எப்படி?

அல்சூரில் குடியிருந்துகொண்டு ஆனேக்கல், மாலூர் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் உண்டு. நாலு சென்ட் இருந்தாலும் உருளை போடலாம். செம்மண்ணில் ஐந்தாறு நாளைக்கு ஒரு தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது போடுவது? ஹாசனில் மே, ஜூனிலேயே மழையை நம்பி விதைப்பார்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கு அது வேண்டாம். ஈரத்தில் இலைக்கருகல் பிடித்தால் சில நாளில் வயலே கருகிவிடும். ஐப்பசிக் கடைசியில் மழை ஓய்ந்ததும் போடுங்கள். ராத்திரிக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும்.

விதையில்தான் பாதி விவசாயம். கடையில் சமையலுக்கு வாங்கிய உருளையைப் புதைக்காதீர்கள். முளைக்காமலிருக்க மருந்து அடித்திருக்கலாம், நோயும் இருக்கலாம். ஜலந்தரிலிருந்து வரும் விதைக்கிழங்கைக் கேட்டு வாங்குங்கள். குஃப்ரி ஜோதி இங்கே பழகிய ரகம், 1968-இல் சிம்லா ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. சென்ட்டுக்கு 10 கிலோ போதும். வாங்கியதும் மூட்டையைப் பிரித்து, வெயில் படாத ஆனால் வெளிச்சம் வருகிற திண்ணையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இருட்டில் வைத்தால் முளை வெளுத்து நீண்டு, தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் குட்டையாக, தடிமனாக வரும். அதுதான் வேண்டும்.

முட்டையளவு கிழங்கை முழுசாகவே நடலாம். பெரிதாக இருந்தால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது (முளை வரும் குழி) இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, ஒருநாள் நிழலில் ஆறவிடுங்கள். கத்தியை அடிக்கடி கழுவுங்கள். ஒரு கிழங்கின் அழுகல் நோய் மற்றதுக்குத் தாவுவது கத்தி வழியாகத்தான்.

போன போகம் தக்காளி, கத்தரி, மிளகாய் போட்ட இடம் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், வாடல் நோய் மண்ணிலேயே தங்கியிருக்கும். ராகி அறுத்த இடம் பிரமாதம். சென்ட்டுக்கு 80 கிலோ மக்கிய தொழு உரம் போட்டுக் கொத்துங்கள். பச்சைச் சாணம் கூடாது. இரண்டடிக்கு ஒரு பார் (நீளமாக மண்ணை மேடாக்கிய வரிசை), பாரில் முக்கால் அடிக்கு ஒரு கிழங்கு, கண் மேலே பார்க்க, நாலு விரற்கடை ஆழம்.

செடி ஓரடி வளர்ந்ததும், அதாவது 30 நாள் வாக்கில், களையெடுத்து மண் அணையுங்கள். உருளை வேரில் காய்ப்பதில்லை, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனியில்தான் பருக்கிறது. மேலே மண் எவ்வளவு பொலபொலவென்று இருக்கிறதோ அவ்வளவுக்குக் கிழங்கு. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகி கசக்கும், அதில் விஷம் ஏறும், சமைக்கக் கூடாது. அதனால் மழையில் பார் கரைந்தால் மறுபடியும் அணையுங்கள். எனக்கு இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் பிடிக்காது.

தண்ணீர் பார்களுக்கு நடுவிலுள்ள சாலில் ஓடினால் போதும், பாரின் தலை நனைய வேண்டாம்.

90 முதல் 100 நாளில் இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்தி, தழையைத் தரையோடு அறுத்துவிட்டு, 10 நாள் பொறுங்கள். தோல் கெட்டிப்படும். கட்டைவிரலால் தேய்த்து, தோல் உரியாவிட்டால் தோண்டலாம். மண்வெட்டியைப் பாரின் ஓரத்திலிருந்து போடுங்கள். கழுவாமல் நிழலில் உலர்த்தி, வெட்டுப்பட்டதை முதலில் சமையலுக்கு எடுங்கள். மிச்சத்தை இருட்டான, காற்றோட்டமான மூலையில் பரப்பி வையுங்கள். வெங்காயத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.