குளிர்நாட்டுக்குச் சப்பாத்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் விசா கிடைத்த வீட்டில் முதலில் வாங்குவது ஜக்கெற். பிறகு கையுறை, தொப்பி, மஃப்ளர். சூட்கேஸ் நிரம்பியபின், மிச்சக் காசோடு நவீன சந்தைப் பக்கம் போய் அவசரமாக ஒரு சப்பாத்து. ஆனால் அங்கே போய் இறங்கிய பிள்ளை முதல் மாதங்களில் அதிகம் செய்யப்போவது நடப்பதுதான். வகுப்புக்கு, பஸ் தரிப்பிடத்துக்கு, பகுதிநேர வேலைக்கு, அறை தேடி, எல்லாம் மழைக்குள். சப்பாத்தைக் கடைசிக்கு விடுவதுதான் முதல் தவறு.

இரண்டாவது, ஸ்னோவை மட்டும் மனதில் வைத்து வாங்குவது. கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்துவிட்டு, தடித்ததாய், பாரமானதாய் ஒன்றைத் தேடுகிறோம். ஆனால் லண்டனில் ஜனவரிப் பகல் 8 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், இரவில் 2, 3 பாகை. ஸ்னோ எப்போதாவது விழும்; தூறல்தான் விடாது. ரொறன்ரோவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போனாலும், வீதிக்குப் போடும் உப்பில் கரைந்த ஸ்னோ நடைபாதை ஓரங்களில் கணுக்கால் அளவுக்குச் சேறாய்த் தேங்கி நிற்கும். கால் விறைப்பது பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்தெடுக்கும். 10 பாகையில்கூட, நாள் முழுக்க ஈரச் சப்பாத்துக்குள் கிடந்த பாதம் வெளிறி மரத்துப்போகும்; பிறகு சூடேறும்போது எரிந்து வீங்கும். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற படையினரின் கால்களைக் கெடுத்தது இதுதான். அது உறைபனியே இல்லாமலும் வரும்.

எனவே முதலில் தண்ணீர் புகாமை, அதன்பிறகு சூடு. உள்ளே ஆட்டுமயிர் வைத்து, வெளியே மெத்தென்ற தோலால் செய்த பூட்ஸ் பார்க்க ஆசையாக இருக்கும், காலுக்கும் இதமாக இருக்கும். ஆனால் ஒரு நல்ல மழையில் நனைந்தால் உலர இரண்டு நாள் எடுக்கும். றப்பர் பூட்ஸ் இதற்கு நேர்மாறு. தண்ணீர் ஒரு சொட்டும் வராது, ஆனால் காலின் வியர்வை வெளியே போக வழியில்லை. மெல்லிய றப்பர் குளிரையும் தடுக்காது. தோட்ட வேலைக்குச் சரி, நாள் முழுக்க நடக்க அது வேண்டாம்.

மூன்றாவது தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது நம் வீடுகளுக்கே உரியது. "மாமா போனமுறை வரேக்க கொண்டந்த சப்பாத்து அலுமாரிக்குள்ள புதுசாக் கிடக்கு, பிறகேன் காசைச் செலவழிப்பான்?" என்று அம்மா எடுத்துத் தருவார். பெட்டி கலையாமல் இருக்கும். விலையுயர்ந்த சப்பாத்துத்தான். ஆனால் பல சப்பாத்துகளின் அடியில், பாதத்துக்கும் றப்பர்த் தட்டுக்கும் நடுவே இருக்கும் மெத்தை பொலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதம் மெல்ல மெல்ல அதன் வேதிப் பிணைப்புகளை அறுக்கும், வெக்கை அதை இன்னும் விரைவுபடுத்தும். ஈரமும் வெக்கையும் சேர்ந்த நம் ஊரில், பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் சில வருடங்களில் அது உள்ளே உளுத்துப்போகும். றெக்சின் கைப்பைகள் போடாமல் வைத்தும் தோலுரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வெளியே இருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டு நடக்க, கட்டுநாயக்காவில் வரிசையில் நிற்கும்போதோ, அங்கே போய் முதல் மழையிலோ அடி பிட்டுப்பிட்டாகக் கழன்று விழும்.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சப்பாத்தைக் கவிழ்த்து, பக்கவாட்டில் தெரியும் மெத்தைப் பகுதியைக் கட்டை விரலால் பலமாக அழுத்துங்கள். மீண்டு வந்தால் நல்லது. நகம் போன இடத்தில் குழி அப்படியே நின்றாலோ, மாவாய் உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ, முடி போன்ற வெடிப்புகள் தெரிந்தாலோ அதை நம்ப வேண்டாம். பிறகு முன்பாதியை நன்றாக வளைத்துப் பாருங்கள். கயிற்றுக்குக் கீழே இருக்கும் நாக்கின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறிய சிட்டையில் தயாரித்த வருடமோ மாதமோ இருப்பதும் உண்டு. கொஞ்ச நாள் முற்றத்தில் போட்டு நடந்துவிட்டுக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் நல்லது. பழையது மட்டுமில்லை, புதிதாக வாங்குவதையும் அப்படித்தான் பழக்க வேண்டும்.

சிட்டையைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. "வாட்டர் ரெசிஸ்டன்ற்" என்றிருந்தால் சிறு தூறலைத் தாங்கும், அவ்வளவுதான். "வாட்டர்புரூஃப்" என்றிருப்பதே நமக்கு வேண்டியது. அநேகமாக அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். வியர்வை ஆவியாக வெளியே போகும், மழைத்துளி உள்ளே வராது. 1969 இல் ரொபேட் கோர் கண்டுபிடித்த கோர்-டெக்ஸ் இதில் பெயர் பெற்றது. வேறு பல நிறுவனங்களும் தங்கள் தங்கள் பெயரில் செய்கின்றன. ஆனால் சவ்வு இருந்தும் கால் நனையும் வழி ஒன்றுண்டு: நாக்கு. அது இரண்டு பக்கமும் மேலே வரை சேர்த்துத் தைக்கப்படாமல் தனியே ஆடினால், தண்ணீர் அந்த இடைவெளியால் நேரே உள்ளே போகும். கடையில் கயிற்றைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துப் பார்க்க யாரும் தடுக்கப்போவதில்லை.

வாங்கிய பிறகு சந்தேகம் இருந்தால், உள்ளே பழைய உதயன் பேப்பரைக் கசக்கி நிரப்பி, ஒரு பேசினில் நாக்குத் தையலுக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் வைத்து எடுங்கள். எங்கே கசிகிறது என்று பேப்பர் காட்டிக்கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பேசினும் தேவையில்லை.

அளவு விஷயத்தில் நாங்கள் மிகவும் இறுக்கமாக வாங்குகிறோம். செருப்போடு வளர்ந்த கால் முன்பக்கம் அகன்று இருக்கும். அதைக் குறுகிய சப்பாத்துக்குள் திணித்து, குளிருக்கென்று இரண்டு மேசும் (காலுறையும்) போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து, கால் முன்னைவிட அதிகமாகக் குளிரும். தடித்த மேசு ஒரு சோடியைக் கையோடு கொண்டுபோய், பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். விரல்கள் அசைய இடம் வேண்டும். இணையத்தில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கையில் பெரும்பாலும் பிரித்தானிய எண்கள். கனடாவில் அமெரிக்க எண்கள். ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்று, பெண்களுக்கு இரண்டு கூடுதலாக வரும்.

மேசுகளைப் பற்றி ஒரு வரி போதும்: பள்ளிக்கூட வெள்ளைப் பருத்தி மேசுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோக வேண்டாம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

அடித்தட்டைப் பார்க்காமல் வாங்குவது எலும்பு முறிவில் போய் முடியலாம். வழவழப்பான அலுவலகச் சப்பாத்தும் கடினமான பிளாஸ்ரிக் அடியும் ஈரத் தரையில் சறுக்கும். ஆழமான வெட்டுகளும், நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இடம்கொடுக்கும் றப்பரும் வேண்டும். ஆனால் பனிக்கட்டியின் மேல் இது மட்டும் போதாது. ரொறன்ரோ மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்தில், குளிரூட்டிய அறையில் பனிக்கட்டித் தரையைச் சரித்து, அதில் ஆட்களை நடக்கவிட்டுச் சப்பாத்துகளைச் சோதிக்கிறார்கள். 2016 இல் முதல் முடிவுகள் வந்தபோது பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியவற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை பனிப்பூக் குறி கொடுத்து, ரேட் மை ட்ரெட்ஸ் என்ற இணையத்தளத்தில் பட்டியலிடுகிறார்கள். கனடா போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

பிள்ளைகளிடம் போகும் அம்மா அப்பாவுக்கு இது இன்னும் முக்கியம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். நனைந்ததும் தெரியாது, கொப்பளித்ததும் தெரியாது. அவர்களுக்கு அகலமான, உட்புறத் தையல் உறுத்தாத சப்பாத்து வேண்டும். வெளியே போய் வந்ததும் மேசுகளைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். குளிர்கிறதென்று ஹீற்றருக்குப் பக்கத்தில் காலை நீட்டவே கூடாது, சுட்டாலும் தெரியாது.

எங்கே வாங்குவது என்று கேட்டால், செப்டெம்பரில் போகிறவர்கள் இங்கே நடக்க வசதியான ஒரு சாதாரண சப்பாத்தோடு போய், ஒக்டோபருக்குள் அங்கே வாங்குவதே நல்லது. தெரிவும் அதிகம், அங்குள்ள காலநிலைக்கென்று செய்தவையும் கிடைக்கும். ஜனவரியில் போகிறவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை, ஆகவே இங்கேயே தேட வேண்டும், அல்லது அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் கால் அளவைச் சென்ரிமீற்றரில் சொல்லி வாங்கி வைக்கச் சொல்லலாம்.

நனைந்த சப்பாத்தை ஹீற்றரின் மேல் வைத்தால் பசை விடும், தோல் வெடிக்கும். உள்தட்டைக் கழற்றி, பேப்பர் அடைத்து, காற்றுப்படும் இடத்தில் வைத்து, பேப்பர் ஊறியதும் மாற்ற வேண்டும். இரண்டு சோடி இருந்து மாறி மாறிப் போட முடிந்தால் இந்தப் பாடு பாதியாகக் குறையும். கனடாவில் உப்புப் படிந்து வெள்ளைக் கோடு விழுந்தால், வினாகிரி கொஞ்சம் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து அன்றே துடைத்துவிடுங்கள்.