பிரசவத்துக்கு முன் வீட்டு வேலையை முடிக்க

பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெயிண்ட் உட்பட எல்லாம் 8 வாரம் முன்பே முடிய வேண்டும். புதுச் சிமெண்ட் பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் விடுங்கள். மொத்தம் 28 நாள் கழித்தே பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பூச்சு). ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் பொரிந்து உதிரும். கொத்தனார் "ரெண்டு நாள் போதும்மா" என்பார், கேட்காதீர்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டி, தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை கர்ப்பிணி இந்த வீட்டில் இருக்க வேண்டாம்; தன் தாய் வீட்டுக்குப் போய் இருக்கட்டும்.

முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். அதை ஆள் மேய்ப்பதில் கரைக்க வேண்டாம்.

சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்குப் போவது தொடரட்டும். ஓய்வுநாள் பள்ளி (சிறுவர்களுக்கான ஞாயிறு வகுப்பு), பாடகர் குழுப் பொறுப்புகளை ஏழாம் மாதமே கைமாற்றுங்கள். டிசம்பர் என்றால் இரவில் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் பவனி கண்டிப்பாக வேண்டாம்.