ஜப்பான்–கரீபியன் உணவகத்தில் முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

நியூயார்க், மயாமி, சான் ஹுவான் பக்கம் போனால் இப்படி ஒரு மெனு உங்கள் கைக்கு வரலாம்: ஜெர்க் கோழி ராமென் (சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ்), பழுத்த வாழைக்காய் வைத்த சுஷி ரோல், தேங்காய்ப்பால் சோற்றோடு காட்சு கறி (ரொட்டித்தூளில் பொரித்த இறைச்சியும் ஜப்பானியக் கறியும்). எல்லாமே ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பிடும் வரிசை தவறினால் பாதி ருசி தெரியாமலே போய்விடும்.

படி 1: காரம் எங்கே என்று பாருங்கள்
'ஜெர்க்', 'ஸ்காட்ச் பானட்' என்று போட்டிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்க் ஜமைக்காக்காரர்களின் மசாலா. ஆல்ஸ்பைஸ், தைம், வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, கூடவே ஸ்காட்ச் பானட் மிளகாய். அந்த மிளகாயின் காரம் 1 லட்சம் முதல் 3.5 லட்சம் ஸ்கோவில் (மிளகாய்க் காரத்தின் அளவுகோல்) வரை போகும். நாங்கள் பார்க்காத காரமா என்று மார்தட்டாதீர்கள்.

படி 2: சைவமா? இதைக் கேட்டே ஆகவேண்டும்
'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் கண்ணுக்குத் தெரிவது டோஃபுவும் கடற்பாசியும்தான். அடியில் இருக்கும் தாஷி சாறு பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீனில் எடுத்தது. டோன்கோட்சு ராமென் என்றால் பன்றி எலும்புச் சாறு. போர்ட்டோ ரிக்கோ பாணித் துவரைச் சோற்றிலும் பன்றி இறைச்சி சேர்ப்பது சகஜம். அதனால் மீன் சாறு, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

படி 3: பச்சை மீன் முதலில், ஜெர்க் பிறகு
சுஷியோடு வரும் பச்சை விழுதான வாசாபியின் காரம் மூக்கில் ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். ஸ்காட்ச் பானட் அப்படியில்லை, நாக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு டூனா மீனின் மெல்லிய ருசி எங்கே தெரியப்போகிறது? எனவே சாஷிமி (வெறும் பச்சை மீன் துண்டுகள்), நிகிரி (சோற்று உருண்டைமேல் மீன் துண்டு) முதலில். நிகிரியைத் திருப்பிப் பிடித்து, மீன் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் லேசாகத் தொடுங்கள். சோற்றைத் தொட்டால் அது உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும். அடுத்து வாழைக்காய் ரோல். அதன்மேல் இனிப்பு சாஸ் ஊற்றியிருந்தால் சோயா வேண்டவே வேண்டாம். அப்புறம் ஜெர்க்குக்கு வாருங்கள். நாக்கு எரிந்தால் தண்ணீர் உதவாது, பால் சேர்ந்த ஏதாவது கேளுங்கள். ஜிஞ்சர் பியர் குடித்தால் இஞ்சிக் காரமும் சேர்ந்துகொள்ளும்.

படி 4: 'கொலம்போ' இருந்தால் விடாதீர்கள்
இது கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப்பின் கறி. 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக அந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் விட்டுச்சென்ற ருசி. மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு, சில வீடுகளில் வறுத்த அரிசியும் அந்தப் பொடியில் உண்டு. ஜப்பானியக் கறியோ மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஆங்கிலேயர் வழியாகப் போய், மாவு சேர்ந்து கெட்டியாகி, கொஞ்சம் இனிப்பும் ஏறியது. இரண்டும் மெனுவில் இருந்தால் ஆளுக்கு ஒன்று சொல்லிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். என் ஓட்டு கொலம்போவுக்குத்தான்.

படி 5: பில்
அமெரிக்காவில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.