மலைநாட்டுல பழைய காமிக்ஸ் சேக்கப்போறீங்களா? மொதல்ல அலுமாரிய செவத்துல இருந்து தள்ளி வைங்க

பழைய காமிக்ஸ் சேக்கணும்னு ஆசப்படுற எல்லாரும் எங்க கிடைக்கும், எவ்வளவு சல்லி போகும்னுதான் மொதல்ல கேக்கிறாங்க. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் இருக்கிறவங்களுக்கு அது ரெண்டாவது கேள்வி. கொழும்புக்காரருக்கு புத்தகம் கையில வந்தா வேல முடிஞ்சுது, நமக்கு கையில வந்த பிறகுதான் வேலயே தொடங்குது. நான் மொத மொத ஒரு பதினொரு புத்தகம் ஒண்ணா வாங்கி, பத்திரமா வைக்கிறேன்னு நெனச்சு பொலித்தீன் பேக்ல இறுக்கிக் கட்டி, வெளிச் செவத்தோட ஒட்டியிருந்த அலுமாரி அடித்தட்டுல வச்சேன், அது மே மாசம். ஆகஸ்ட்ல தொறந்து பாத்தா அட்டையில இருந்த மாயாவி மூஞ்சியில சாம்பல் கலர்ல முடி மொளச்சிருக்கு. அந்த பதினொண்ணுல மூணுதான் தேறுச்சு.

மழைக் கதைய பிறகு சொல்றேன், மொதல்ல எதச் சேக்கப்போறோம்னு முடிவு பண்ணுங்க. எல்லாத்தயும் சேக்கிறேன்னு எறங்கினா ஒரு வருசத்துல சல்லியும் போகும், ஆசையும் போகும். தமிழ் காமிக்ஸ்னா நம்ம ஆளுங்க மனசுல மொதல்ல வர்றது சிவகாசியில இருந்து வந்த முத்து காமிக்ஸ்தான், 1972ல இரும்புக்கை மாயாவியோட தொடங்கினது. இந்த மாயாவி கதை 1962ல பிரிட்டன்ல வேலியண்ட்ங்கிற வாரப் பத்திரிகையில வந்த தொடர், கரண்ட் அடிச்சா ஆள் மறஞ்சு இரும்புக் கை மட்டும் தெரியுமே, அந்தக் கதைதான். 1984ல லயன் காமிக்ஸ் வந்துச்சு, மொத புத்தகம் மாடஸ்டிங்கிற வீராங்கனை கதை. அதே வருசம்தான் ராணி காமிக்ஸும், ஜேம்ஸ் பாண்ட் கதையோட. இதுல ஒரு குழப்பம் இருக்கு கவனிங்க, ராணியில மாயாவின்னு வர்றவர் காட்டுல முகமூடி போட்டுக்கிட்டு குதிரையில போற ஃபேண்டம், முத்துவோட மாயாவி வேற ஆள். யாராவது போன்ல "மாயாவி புக் பத்து இருக்குண்ணே"ன்னு சொன்னா எந்த மாயாவின்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க. நான் கேக்காம பதுளை வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன்.

நம்ம நாட்டு நெலமையயும் கணக்குல எடுக்கணும். 70கள்ல இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்துல இந்தியப் புத்தகம் வர்றது ரொம்பக் கொறஞ்சு போச்சு, 77க்குப் பிறகுதான் தொறந்து விட்டாங்க. அதனால ஆரம்ப கால முத்து காமிக்ஸ் நம்ம பக்கம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு, 80கள், 90கள்ல வந்த லயனும் ராணியும்தான் கைக்கு வரும். புதுசா தொடங்குறவங்க ராணியில இருந்து தொடங்குங்கன்னுதான் சொல்வேன். 2005 வரைக்கும் நெறய புத்தகம் வந்திருக்கு, ஆளுங்க அதைப் பெருசா மதிக்கிறதும் இல்ல, வெல இறங்கும்.

தமிழ் மட்டும்தான் சேக்கணும்னும் இல்ல. 70கள்ல சிங்களத்துல சித்திரக்கதைப் பத்திரிகைங்க சக்கப் போடு போட்டுச்சு, கார்ட்டூனிஸ்ட் கமிலஸ் பெரேராவோட கஜமேன் பாத்திரம் எல்லாம் அந்தக் காலத்துப் பேர்தான். இறக்குமதி கொறஞ்ச நேரத்துல உள்ளூர்ச் சரக்குக்கு கிராக்கி வந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். நம்ம தமிழ்லயே சுந்தர் நடத்துன சிரித்திரன்ங்கிற நகைச்சுவைப் பத்திரிகை இருக்கு, சவாரித்தம்பர் கார்ட்டூன் வந்த பழைய இதழ் கிடைச்சா வெல பேசாம எடுத்துருங்க, இந்தியாவுல இருக்கிற பெரிய கலெக்டர்மாருகிட்டயும் இல்லாத சரக்கு அது.

இனி எங்க தேடுறது. மலைநாட்டுல பழைய புத்தகக்கடைய நம்பாதீங்க, ஆளுங்கள நம்புங்க. ஊர்ல பழைய சலூன் இருந்தா அங்க போய் முடி வெட்டுங்க, அந்தக் காலத்துல வரிசையில காத்திருக்கிறவங்களுக்கு பேப்பரோட ராணி காமிக்ஸும் கெடக்கும், கட கைமாறுனாலும் பலகைக்குக் கீழ ஒரு கட்டு இருக்கும். பென்ஷன் எடுத்த மாஸ்டர்மார் வீடு இன்னொரு எடம், பிள்ளைங்ககிட்ட இருந்து வகுப்புல பறிச்சு வச்சு திருப்பிக் குடுக்காத புத்தகம் அங்கதான் இருக்கு (சிரிக்காதீங்க, எனக்கு மூணு புத்தகம் அப்படித்தான் வந்துச்சு). போத்தல் பேப்பர் வாங்குறவர்கிட்ட நம்பர் குடுத்து வைங்க, கிலோவுக்கு அவர் குடுக்கிற வெலைய விட கூட தர்றேன்னு சொல்லிட்டா அவரே கோல் எடுப்பார். சிங்கள ஆளா இருந்தா "பரண சித்ரகதா பொத் தியெனவாத"ன்னு கேளுங்க, காமிக்ஸ்னு கேட்டா சில பேருக்கு வெளங்காது.

தோட்டத்துல லயத்து வீடுகள்ல (தொழிலாளருக்கு வரிசையா கட்டின வீடுங்க) பழைய தேயிலைப் பெட்டி இன்னமும் சில பேர்கிட்ட இருக்கும், பலகைப் பெட்டி, உள்ள ஈயத்தாள் மாதிரி ஒட்டியிருக்கும். ஈரம் ஏறாம இருக்கத்தானே அந்தப் பெட்டியே செஞ்சாங்க, அதுக்குள்ள கெடந்த புத்தகம் ஆச்சரியமா நல்லா இருக்கும். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார்ல கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போன குடும்பங்க, பெட்டியில எடம் இல்லாம பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போன சாமான்கள்லயும் அப்பப்ப பழைய அம்புலிமாமா பைண்ட் பண்ணது ஒண்ணு ரெண்டு மாட்டும். ஆனா ஒரு விசயம், வீட்டுல போய் கேக்கிறப்ப மொதல்ல உக்காந்து தேத்தண்ணி குடிங்க, செத்துப்போன ஆளோட புத்தகமா இருந்தா வெலைய நீங்களா பேசாதீங்க, அவங்க சொல்லட்டும்.

கொழும்புக்குப் போனா மருதானைப் பக்கம் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கிற பழைய புத்தகக் கடைங்கள ஒரு எட்டு பாருங்க, செப்டம்பர்ல பண்டாரநாயக்க மண்டபத்துல நடக்கிற புத்தகக் கண்காட்சியிலயும் சில நேரம் ஏதாவது மாட்டும். அவ்வளவுதான், அதுக்காகவே லீவு போட்டு கோச்சி ஏற வேண்டியதில்ல.

வாங்க முந்தி பாக்க வேண்டியது. நடுப்பக்கத்தத் தொறந்து ஸ்டேப்ளர் பின் ரெண்டும் இருக்கான்னு பாருங்க, துரு புடிச்சிருந்தா பரவால்ல, துரு சுத்தியிருக்கிற பேப்பர் தொட்டதும் உதிருதான்னுதான் பாக்கணும். பக்கத்த எண்ணுங்க, எண்ணாம வாங்காதீங்க, கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதைய வச்சு என்ன செய்ய. அட்டைய சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, கலர் போட்டோகொப்பியா இருந்தா மை மேல பளபளன்னு நிக்கும், பழைய அச்சுன்னா லென்ஸ் வச்சுப் பாத்தா வரிசையா புள்ளி புள்ளியா தெரியும், கலர் கொஞ்சம் கோட்டுக்கு வெளிய நழுவியிருக்கும். மறுபதிப்புங்க நெறய வந்திருக்கு, அதனால விலை, இதழ் நம்பர், பின்னாடி அடுத்த வெளியீடு விளம்பரம் மூணும் ஒரே காலத்துக்குப் பொருந்துதான்னு பாருங்க. பெரிய சைஸ், வழவழப்பான பேப்பர், முழுக் கலர்னா அது அனேகமா 2012க்குப் பிறகு வந்த சரக்கு, நல்ல புத்தகம்தான், ஆனா பழசுன்னு சொல்லி யாராவது வித்தா வாங்காதீங்க.

பழைய ஓனர் பேர், தோட்டத்துப் பேர், டிவிஷன் நம்பர் எல்லாம் முன்பக்கத்துல பேனாவால எழுதியிருக்கும், இந்திய விலைக்குப் பக்கத்துல நம்ம ஊர்க் கட சீல் இருக்கும். வெளி ஊரு கலெக்டர்மார் இத அழுக்குன்னு சொல்லி வெல குறைப்பாங்க. நான் எதிர்ப்பக்கம், சுத்தமான புத்தகம் சிவகாசியில எத்தனையோ இருக்கும், ஒரு லயத்துல அண்ணன் தம்பி மூணு பேர் வரிசையா பேர் எழுதி வச்ச புத்தகம் வேற எங்கயும் இல்ல. அழிரப்பர் போடாதீங்க.

சரி, இப்ப மழ. மேற்குப் பக்கத்துல இருக்கிற நமக்கு மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மோசம், பதுளை, பண்டாரவளைக்காரங்களுக்கு வருசக் கடைசியில. பூஞ்சைக்கு தண்ணி ஊத்தணும்னு இல்ல, காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல கொஞ்ச நாள் நின்னா போதும். சின்னதா ஈரப்பதம் காட்டுற மீட்டர் ஒண்ணு வாங்கி அலுமாரிக்குள்ள வைங்க, இதுக்குப் போற சல்லி வீண் இல்ல. அலுமாரி வெளிச் செவத்துல முட்டக் கூடாது, ஒரு சாண் எடைவெளி, கீழ கல்லு வச்சு ஒசத்தி, தரைத்தட்டுல ஒண்ணும் வைக்காதீங்க. அடுப்படிக்குப் பக்கத்து அறை காஞ்சு இருக்கும்தான், ஆனா பொகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும், நான் நடு அறையிலதான் வச்சிருக்கேன்.

காத்தே புகாத டப்பாவுல போடுறதா இருந்தா, வெயில் அடிச்சு நல்லா காஞ்ச நாள்ல போடுங்க, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட. ஈர நாள்ல போட்டு மூடினா ஈரத்தயும் சேத்து மூடுனதுதான், என் பதினொரு புத்தகத்துக்கும் அதுதான் நடந்துச்சு. நீலக் கலர் சிலிக்கா ஜெல் வாங்கினா, ஈரம் ஏறி ரோஸ் கலரா மாறினதும் சூடாக்கி திரும்பப் பாவிக்கலாம். ஸ்கூல் கொப்பிக்குப் போடுற ஒட்டுற வாட உள்ள பிளாஸ்டிக் உறை வேணாம், அது பீவிசி, கொஞ்ச வருசத்துல மையப் புடிச்சு இழுத்துரும், பொலிப்ரொப்பிலின் உறை கேளுங்க. செலோடேப் வேணாம், லெமினேட் வேணவே வேணாம். வேப்பெல போடுற பழக்கம் உள்ளவங்க கோவிக்காதீங்க, பச்ச எல ஈரத்தக் கொண்டு வரும்.

பூஞ்சை வந்துட்டா வீட்டுக்குள்ள தட்டாதீங்க, எல்லாப் புத்தகத்துக்கும் பரவும், நெஞ்சுக்குள்ளயும் போகும். மாஸ்க் போட்டு அந்தப் புத்தகத்த தனியா எடுத்து, ஃபேன் காத்துல நல்லாக் காய விட்டு, காஞ்ச பிறகு வெளிய வச்சு மெல்லிய பிரஷ்ஷால ஒரே பக்கமா தட்டி விடுங்க. நேர வெயில்ல போடாதீங்க, அந்தப் பேப்பர் மலிவு நியூஸ்பிரிண்ட், மரக்கூழ்ல இருக்கிற லிக்னின் வெயிலுக்கு மஞ்சளாகி அப்பளம் மாதிரி நொறுங்கும். வெள்ளிப்பூச்சி, புழு இருந்தா காஞ்ச புத்தகத்த ஜிப் பேக்ல காத்தெடுத்து மூடி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு கெழம வைங்க, வெளிய எடுத்து ஒரு நாள் முழுக்க பேக்கத் தொறக்கக் கூடாது, தொறந்தா வேர்க்கும். வீட்டுல மீனுக்குப் பக்கத்துல வைக்கப்போறேன்னு சொல்ல முந்தி அம்மாகிட்ட கேட்டுக்கோங்க, எனக்கு அதுல பெரிய சண்ட வந்துச்சு.

கடைசியா, ஒரு கொப்பியில பேர், நம்பர், யார்கிட்ட எந்த ஊர்ல எவ்வளவுக்கு வாங்கினதுன்னு எழுதுங்க, இல்லாட்டி நாலாவது வருசம் ஒரே புத்தகத்த மூணு தரம் வாங்குவீங்க. டபுள் இருந்தா விக்கிறத விட மாத்துறது லாபம். தபால்ல அனுப்புறப்ப ரெண்டு பக்கமும் கெட்டி மட்டை, மேல பொலித்தீன், அதுக்கு மேல பிரவுன் பேப்பர், விலாசம் பென்சில்லயோ தண்ணி பட்டா கலையாத பேனாவாலயோ. ஜூலை மாசம்னா அனுப்பாதீங்க, அவரயே ஹட்டனுக்கு வரச் சொல்லுங்க.